திரொம்சோ – லொங்யேர்பியன்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

4 ஜனவரி 2024 (கேள்வி)

சித்திரையில் இல்லாட்டி மாசியில் அப்பா அம்மா மட்டக்களப்பிலிருந்து வருகினம். அவையை வட நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அங்கையிருந்து வடதுருவப் பக்கத்துத் தீவுக்கூட்டமான சுவால்பார்டும் காட்டலாமெண்டு ஒரு ஆசை, அதின்ர பெரிய ஊர்தான் லொங்யேர்பியன். ஒரு குழப்பம் இருக்கு. சுவரில தொங்கிற உலகப்படத்தில அடிமட்டம் வச்சு அளந்து பார்த்தன். திரொம்சோவிலிருந்து லொங்யேர்பியனுக்கு எட்டு இலங்கையை நீளத்துக்கு அடுக்கலாம். அப்ப 3,500 கிலோமீற்றர் வரும், நாலு நாலரை மணித்தியாலப் பறப்பு. ஆனா டிக்கெட்டில 1 மணி 40 நிமிசம் எண்டு கிடக்கு. நேரவலயம் மாறுதோ, இல்லாட்டி அச்சுப் பிழையோ? அங்கை இருக்கிற ஆரும் சொல்லுங்கோ.

4 ஜனவரி 2024, இரவு

தம்பி, நான் திரொம்சோவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். டிக்கெட்டில் இருப்பது சரி. நேரவலயம் மாறாது, இரண்டு இடத்திலும் ஒஸ்லோ நேரம்தான். பிழை உங்கள் சுவரில் இருக்கும் படத்தில்.

திரொம்சோ விமானநிலையம் அகலக்கோடு 69.68 பாகை வடக்கு. லொங்யேர்பியன் 78.25. வித்தியாசம் 8.56 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்குங்கள், 950 வரும். முடிந்தது.

5 ஜனவரி 2024

முடியவில்லை. படுக்கையில் கிடந்து யோசித்தேன், நேற்றையது அவசரக் கணக்கு. அகலக்கோட்டை மட்டும் எடுத்தேன். லொங்யேர்பியன் திரொம்சோவுக்கு நேர் வடக்கில் இல்லை, மூன்றரைப் பாகை மேற்கே தள்ளி இருக்கிறது. அதோடு பூமி துருவத்தருகே கொஞ்சம் தட்டையானது என்பதால் வடக்கே ஒரு பாகை 111.6 கிலோமீற்றர் அளவில் வரும். இரண்டையும் சேர்த்தால் 961. கடல்மைலில் 519.

மூன்றரைப் பாகை மேற்கு என்றால் பெரிய தூரம் என்று நினைக்கவேண்டாம். இலங்கையின் வடமுனையான பருத்தித்துறையில் நெட்டாங்கு ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீற்றர். லொங்யேர்பியனில் அதே ஒரு பாகை 23 கிலோமீற்றர்கூட இல்லை. கோடுகள் எல்லாம் துருவத்தில் கூடப்போகின்றன, அதனால் அங்கே நெருக்கம்.

இப்போது உங்கள் எட்டு இலங்கைக்கு வருகிறேன். நீங்கள் அளந்ததில் பிழை இல்லை, நானும் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், எட்டுத்தான் வருகிறது. சுவரில் இருப்பது மெர்காட்டர் படம். 1569இல் மாலுமிகளுக்காகச் செய்தது. திசைகாட்டிக் கோணம் பிசகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக வடக்கே போகப்போக எல்லாவற்றையும் இழுத்துவிடும். திரொம்சோவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, லொங்யேர்பியனில் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பருத்தித்துறையிலிருந்து தென்முனையான தெய்வேந்திரமுனை 430 கிலோமீற்றர் சொச்சம். படத்தில் எட்டு இலங்கை, நிஜத்தில் இரண்டேகால் இலங்கை.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். என் மகளுக்குப் பத்து வயதில் அப்படித்தான் காட்டினேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப கிரீன்லாந்தும் பொய்யா அம்மா?" படத்தில் ஆபிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரியும் கிரீன்லாந்து உண்மையில் ஆபிரிக்காவில் பதினாலில் ஒரு பங்கு. அன்று முழுக்க அவளுக்கு அந்தப் படத்தோடு கோபம்.

5 ஜனவரி 2024, சற்றுப் பிறகு

"961 கிலோமீற்றரை மணிக்கு 830 என்ற விமான வேகத்தால் பிரித்தால் 1 மணி 10 நிமிடம்தானே வருகிறது, மிச்சம் அரை மணி எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மணிக்கு 830 என்பது மேலே போய்ச் சீரான பிறகு உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரமும் அல்ல. சக்கரத்துக்குக் கீழே வைத்த கட்டையை எடுக்கிற நேரத்திலிருந்து அங்கே போய்த் திரும்பக் கட்டை வைக்கிற நேரம் வரைக்கும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, காத்து நிற்பது எல்லாம் அதற்குள். குளிர்காலத்தில் இறக்கையில் பனி உருக்கும் திரவம் அடிப்பார்கள், அதுவும் அதற்குள். யன்னலில் ஒரு தடித்த பச்சைத் தண்ணீர் வழிந்து வரும், முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் சக்கரம் எழும்பியதிலிருந்து தொட்டது வரை எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது 1.24 (1 மணி 24 நிமிடம்), 1.29, 1.36. வரும்போது 1.22, 1.31. எல்லாம் காற்றைப் பொறுத்தது.

7 ஜனவரி 2024

அந்த ஐந்து வரிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அதை முந்தாநாள் எழுதவில்லை, எழுதியிருக்கவேண்டும்: 3.18.

2018 யூலை. நானும் மகளும். திரொம்சோவில் நல்ல வெயில். ஒரு மணி இருபது நிமிடம் கழித்துக் கீழே பார்த்தால் பஞ்சு விரித்ததுபோல் வெள்ளை, அதற்குமேல் கறுப்பு மலையுச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. விமானம் இறங்கிப் போனது, இஞ்சின் சத்தம் திடீரென்று கூடியது, திரும்ப மேலே. ஒரு சுற்று. இன்னொரு முறை இறங்கிப் பார்த்தது, திரும்ப மேலே. பிறகு விமானி சொன்னார், ஓடுதளம் தெரியவில்லை, திரொம்சோவுக்கே போகிறோம் என்று. ஒருவரும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த லொங்யேர்பியன் பெண் பின்னல் ஊசியைத் திரும்ப எடுத்துப் பின்னத் தொடங்கினா.

வெளிக்கிட்ட அதே வாசலில் வந்து இறங்கினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து, போன தூரம் சுழியம். மறுநாள் காலைதான் திரும்பப் போனோம். 1 மணி 40 நிமிடம் என்று அச்சடித்த பயணம் எனக்கு 23 மணித்தியாலம் எடுத்தது.

அந்தத் தீவில் அவ்வளவு பெரிய விமானம் இறங்க வேறு ஓடுதளம் இல்லை. அதனால் திரும்பி வரவும் எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போவார்கள். அதை அறிந்தபிறகு எனக்குப் பயம் குறைந்தது. ஆனால் கடைசி நாளில் திரும்பி அடுத்த நாள் காலை ஒஸ்லோவில் கொழும்புக்கு விமானம் பிடிக்கலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். நடுவில் இரண்டு நாள் விடுங்கள்.

8 ஜனவரி 2024

விசா கேட்ட தம்பிக்கு: சுவால்பார்டுக்கு விசா வேண்டாம். 1920இல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, அதில் சேராத நாட்டுக்காரரையும் நோர்வே அதேபோல நடத்துகிறது. எந்த நாட்டுக்காரரும் போகலாம், இருக்கலாம், வேலை செய்யலாம். தாய்லாந்துக்காரர் அங்கே கணிசமாக இருக்கிறார்கள்.

8 ஜனவரி 2024, இரவு

மேலே எழுதியதை மட்டும் வாசித்துவிட்டு யாரும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். விசா வேண்டாம் என்பது உண்மை, ஆனால் அரை உண்மை. எழுதும்போதே என் அக்காவின் முகம் வந்தது. இதை விளக்கமாகச் சொல்லவேண்டும்.

சுவால்பார்ட் நோர்வேக்குச் சொந்தம், ஆனால் ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் வலயத்துக்கு, வெளியே. திரொம்சோ விமானநிலையத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து அதே விமானத்தில் வருகிறவர்களும் இங்கே இறங்கி, சோதனையில் நின்று, திரும்ப ஏறவேண்டும். அந்த வரிசையைத் தாண்டினால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர். திரும்பி வரும்போது புதிதாக நுழைகிறவர். வதிவிட அனுமதி உள்ள எங்களுக்குப் பிரச்சினை இல்லை. சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு இருக்கிறது.

2016இல் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தா. பனிக்கரடி பார்க்கவேண்டும் என்று ஆசை. டிக்கெட் எடுத்து, அவவுக்கு என்னுடைய தடித்த மேலங்கி, இரண்டு சோடி கம்பளிக் காலுறை எல்லாம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொலிஸ்காரப் பெண் அக்காவின் கடவுச்சீட்டைப் புரட்டி, விசா ஒட்டியிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. "எத்தனை முறை நுழையலாம்" என்ற கட்டத்தில் 01. "இவரை நான் வெளியே விடலாம். ஆனால் திரும்ப உள்ளே விட எனக்கு வழியில்லை. தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டா. அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். பேசாமல் முத்திரையைக் குத்தியிருந்தால் அக்கா அந்தத் தீவிலேயே மாட்டியிருப்பா. அங்கிருந்து வரும் வழக்கமான விமானம் எல்லாம் நோர்வேப் பெருநிலத்துக்குத்தான் வருகிறது.

வரிசையிலிருந்து விலகி வந்து கதிரையில் இருந்தோம். அக்கா கம்பளிக் காலுறையைக் கழற்றி மடித்து என் பையில் வைத்தா. "பரவாயில்லையடி, உன்ர ஊரை வடிவாப் பார்த்திட்டன்தானே" என்றா. அதற்குப் பிறகு அக்காவால் வரமுடியவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தை நான் கவனித்திருந்தால் போதும்.

ஆகவே தம்பி, அப்பா அம்மாவின் விசாவில் அந்தக் கட்டத்தில் 02 அல்லது மல்ட் (MULT, பல முறை நுழையலாம்) என்று இருக்கவேண்டும். விண்ணப்பிக்கும்போதே சுவால்பார்ட் போகும் திட்டத்தை எழுதிக் கொடுங்கள். 01 வந்தால் போகாதீர்கள்.

11 ஜனவரி 2024

எந்த மாதம் நல்லது என்ற கேள்விக்கு.

நவம்பரில் ஒருமுறை போனேன். நண்பகலில் திரொம்சோவில் சூரியன் மலைக்கு மேலே சின்னதாக நின்றது. வடக்கே போகப்போக இடப்பக்க யன்னலில், இறக்கைக்குப் பின்னால், சூரியன் இறங்கிக்கொண்டே போனது. நேரம் போவதால் மட்டுமல்ல, நாங்கள் வடக்கே போவதால். இறங்கும்போது பகல் ஒன்றரை. நீல இருட்டு, முதல் நட்சத்திரங்கள். கடிகாரத்தில் ஒன்றும் மாறவில்லை, பகல் மட்டும் பின்னுக்கு நின்றுவிட்டது. லொங்யேர்பியனில் ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. ஏப்ரல் 20 அளவிலிருந்து ஆகஸ்ட் 20 தாண்டும் வரை மறையாது.

யூலை, ஆகஸ்டில் கடல்மூட்டம். எனக்கு நடந்தது மேலே இருக்கிறது. மார்ச் நல்லது என்பது என் அபிப்பிராயம்: குளிர் கடுமை, வெளிச்சம் அருமை.

15 ஜனவரி 2024

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. இங்கே சூரியன் இல்லாமல்தான் பொங்கினோம். திரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஏறக்குறைய இன்றுவரை சூரியன் எழும்பாது. கணக்குப்படி இப்போது அடிவானத்தைத் தொடுகிறது, ஆனால் தெற்கே மலை மறைக்கிறது. 21ஆம் திகதிதான் இந்த ஊரில் சூரிய நாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உள்ளே பழப்பாகு வைத்த இனிப்புப் பணிஸ் கொடுப்பார்கள். என் மகள் சின்ன வயதில் கேட்பாள், நாங்கள் ஏன் ஆறு நாள் முந்திப் பொங்குகிறோம் என்று. நான் சொல்வது, ஊரில் வந்துவிட்டார், இங்கே வரும் வழியில் நிற்கிறார்.

19 ஜனவரி 2024

"அந்த ஊரில் சாவதற்குச் சட்டம் தடை, பிறப்பதற்கும் தடை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இணையத்தில் எல்லா இடத்திலும் ஓடும் கதை. நான் மகப்பேற்றுப் பிரிவில் வேலை செய்கிறவள் என்பதால் இதைத் திருத்தவேண்டும்.

சாவுக்குச் சட்டத் தடை ஒன்றும் இல்லை. நிலம் ஆழத்தில் எப்போதும் உறைந்து கிடப்பதால் சவப்பெட்டி புதைப்பதில்லை, சாம்பல் கலசம் புதைக்கலாம். பிறப்புக்கும் தடை இல்லை. அங்கே இருப்பது சிறிய மருத்துவமனை, பிரசவத்துக்கு வசதி இல்லை. அதனால் கர்ப்பிணிகள் நாளுக்கு மூன்று கிழமைக்கு முன்பே பெருநிலத்துக்கு வந்துவிடுவார்கள். அநேகம் பேர் எங்களிடம்தான்.

அவர்களுக்கு இந்த 961 கிலோமீற்றர் வேறு மாதிரி. மூத்த பிள்ளையைத் தகப்பனோடு விட்டுவிட்டு வந்து, வாடகை அறையில் மூன்று கிழமை தனியே இருப்பார்கள். ஒரு பெண் ஒவ்வொரு நாளும் காலையில் என்னிடம் அங்கத்தைய காற்றுவேகத்தைக் கைபேசியில் காட்டுவாள். கணவன் அன்றைக்கு வரவேண்டிய விமானம் எழும்புமா என்பதுதான் அவளுக்குக் கவலை. எதிர்பாராமல் வலி வந்தால் சிறிய மருத்துவ விமானம் போகும். அது உந்துவிசிறி விமானம், வேகம் குறைவு, ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்.

24 ஜனவரி 2024

சென்னையிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர், இந்தியாவின் ஹிமாத்ரி ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதே வழியா என்று கேட்டிருக்கிறார். ஆம், ஆனால் இன்னொரு துண்டு இருக்கிறது. ஹிமாத்ரி 2008 யூலையில் நீ-ஓலெசுண்டில் திறக்கப்பட்டது. லொங்யேர்பியனிலிருந்து வடமேற்கே நேர்கோட்டில் 110 கிலோமீற்றர், சிறிய விமானத்தில் இருபத்தைந்து நிமிடம் அளவில். பல வருடங்களாக ஓடியது டோர்னியர் 228, இந்தியாவில் கான்பூரிலும் அதே ரகம் கட்டுகிறார்கள். ஊரையே நடத்துவது ஒரு அரச நிறுவனம், இடம் அவர்கள் வழியாகத்தான். போனதும் கைபேசியில் வைஃபை, புளூடூத் எல்லாம் நிறுத்தவேண்டும். அங்கே உள்ள வானொலித் தொலைநோக்கி விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதே ஊரிலிருந்துதான் 1926 மே 11இல் துருவப் பயணிகளான அமுண்ட்சென், எல்ஸ்வர்த், நோபிலே ஆகியோர் நோர்கே என்ற வான்கப்பலில் எழும்பித் துருவத்துக்கு மேலாக அலாஸ்காவின் டெல்லருக்கு மே 14இல் போய் இறங்கினார்கள். பதினாறு பேர், மூன்று நாள். வான்கப்பலைக் கட்டிவைத்த கம்பம் இன்னும் நிற்கிறது.

2 பெப்ரவரி 2024

விபத்துப் பற்றிக் கேட்டவருக்கு. 1996 ஆகஸ்ட் 29. மொஸ்கோவிலிருந்து வந்த துப்பொலெவ் 154 லொங்யேர்பியனில் இறங்க வரும்போது ஓப்பரா மலையில் மோதியது. 141 பேர், ஒருவரும் தப்பவில்லை. பாரென்ட்ஸ்பூர்க், பிரமிடன் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வந்த தொழிலாளரும் அவர்கள் குடும்பங்களும். நோர்வே மண்ணில் நடந்த மிக மோசமான விமான விபத்து இதுதான். விபத்தைக் காரணம் காட்டிப் பயமுறுத்த விரும்பவில்லை. இரண்டு முறை இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிய எங்கள் விமானியை நினைத்தால் 3.18 பெரிய விலையாகத் தெரியவில்லை.

1975இல் விமானநிலையம் திறப்பதற்கு முன் நிலைமை எப்படி என்றால், கடல் உறைந்தபிறகு அந்த ஊருக்குக் கப்பல் கிடையாது. பள்ளத்தாக்கில் உறைந்த நிலத்தைச் சமன்செய்து எப்போதாவது விமானம் இறக்கினார்கள். மற்றபடி வசந்தம் வரும்வரை காத்திருப்புத்தான்.

20 பெப்ரவரி 2024

மல்ட் கிடைத்துவிட்டது என்று தம்பி எழுதியதைப் பார்த்து வேலை இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மிகுந்த சந்தோசம்.

போகும்போது அம்மாவை வலப்பக்க யன்னலில் இருத்துங்கள். பாதி வழி தாண்டியதும், முகில் இல்லாவிட்டால், நோர்வேஜியர் பியோர்னொயா என்று சொல்லும் கரடித்தீவு வலது கைப்பக்கம் தெரியும். வானிலை நிலையத்தில் ஒன்பது பேர் மட்டும் இருக்கிறார்கள். நான் போன தடவைகளில் ஒருமுறைகூட முகில் விலகவில்லை.

மார்ச் 8 வரை நிற்க முடிந்தால் நில்லுங்கள். சூரியன் பெப்ரவரி நடுவிலேயே அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டாலும் மலை மறைப்பதால் ஊருக்குள் அன்றுதான் ஒளி விழும். பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் ஊரே கூடி நின்று பார்க்கும்.

13 மார்ச் 2024

தம்பி நேற்று என் வீட்டுக்கு அப்பா அம்மாவோடு வந்து போனார். அவர் எழுதச் சொன்னதை எழுதுகிறேன்.

போகும்போது வானில் 1.27. கடவுச்சீட்டு வரிசையில் அம்மாவின் கை நடுங்கியதாம், பொலிஸ்காரர் "மல்ட்" என்று வாய்விட்டு வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். ஐயா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகன் சொன்ன இலங்கைக் கணக்கை வைத்துக்கொண்டு வழி முழுக்கக் கடிகாரம் பார்த்திருக்கிறார். "இப்ப தெய்வேந்திரமுனை. இனி ரெண்டாவது இலங்கை தொடங்குது" என்று அவர் சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அம்மா யன்னலில் தட்டிக் காட்டியிருக்கிறா. முகிலுக்கு நடுவே ஒரு கிழிசல், அதற்குள்ளே வெள்ளையாக ஒரு துண்டு நிலம், ஓரம் முழுக்கக் கறுப்புப் பாறை. அரை நிமிடம்கூட இல்லை.

8ஆம் திகதி படிக்கட்டில் முகில். சூரியன் வரவில்லை. 9ஆம் திகதி தங்குமிடத்துக்கு எதிரே பனிமேட்டில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது, அம்மா அங்கேயே கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாவாம்.

திரும்பி வரும்போது பக்கக்காற்று, நாலு மணித்தியாலம் காத்திருந்து எழும்பினார்கள். வானில் 1.33.

இரண்டையும் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன், என்னுடைய வரிகளுக்குக் கீழே, வேறு மையில்.